பத்தாம் வருஷத்து பெல்ட்

9 பிப்ரவரி 2012

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவின் முட்டிவலி குறைந்திருக்கிறது. என் சளி போய்விட்டது. உன் உடம்பு எப்படி என்று இந்தத் தடவையாவது இரண்டு வரி சேர்த்து எழுது.

இன்று நான் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தை முதலில் எழுதிவிடுகிறேன்: "உங்களுக்குத்தான் மாமா."

துறைமுகத்துக்குப் பின்னால், ஜப்பானிலிருந்து வந்திறங்கும் பழைய கார்களை நிறுத்திவைக்கும் மைதானத்தில் நின்றிருந்தேன். எங்கள் கிளியரிங் ஆபீஸின் சுங்கக் காகித வேலையாகப் போகவில்லை. எனக்காகப் போனேன். ஒரு வெள்ளைக் காரின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் எதிரே மாமா. அம்மாவின் ஒரே தம்பி என்ற உரிமையில் வழக்கம்போல என் தலையைத் தட்டினார். அம்மா போய்ப் பதினோரு வருஷமாகிறது, அந்த உரிமை மட்டும் போகவில்லை.

"என்ன ஆபீஸர், காகிதத்த விட்டுட்டு வண்டிக்கு வந்துட்டீங்க?" என்றார். காலால் டயரை ஒரு உதை விட்டார். "யாருக்கும்மா இந்த டப்பா?"

"சும்மா, எனக்குத்தான் மாமா."

"இதே மாடலத்தான் நானும் தேடறேன். ஆனா இது செத்த வண்டி. கடல்ல கொண்டுபோய்ப் போடு."

அந்த மாடலைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். மாமா பழைய கார் விற்கும் யார்டு ஆரம்பித்து முதன்முதலில் விற்றது இதே வண்டி, இதே வெள்ளை. ஆபீஸ் சுவரில் அதன் படம்தான் தொங்குகிறது, அத்தையின் படம்கூட இல்லை. நல்லதாக ஒன்று கிடைத்தால் விற்காமல் வைத்துக்கொள்வேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் நினைத்திருப்பது இதுதான். அப்பா இந்த வண்டியைச் சரிசெய்ய வேண்டும். ஆறு வருஷமாக ஸ்பேனரைத் தொடாத மனிதர் தொட வேண்டும். மாமா அதைப் பார்த்துவிட்டு நம் வாசலில் வந்து நின்று கேட்க வேண்டும். அப்பா "இல்லை" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லைக் காதால் கேட்டுவிட்டால் எனக்குப் போதும்.

இதைப் போனில் சொல்ல முடியாது. நம் வீட்டு நடுச்சுவர் உனக்குத் தெரியும். அப்பா தும்மினால் என் மேசைமேல் இருக்கும் காகிதம் ஆடுகிறது.

பத்திரமாக இரு.

தங்கை


26 பிப்ரவரி

என் வாலுக்கு,

இரண்டு வரி கேட்டாய், எழுதிவிட்டேன்: உடம்பு நன்றாக இருக்கிறது, கை மட்டும் சோப்பில் வெடித்திருக்கிறது. நீயும் அப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இங்கே ஒரு நாளைக்கு இரண்டாயிரம் ஆஸ்பத்திரி விரிப்பு துவைக்கிறோம். சலவை இயந்திரம் ஒவ்வொன்றும் நம் சமையலறை அளவுக்கு இருக்கும். உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இளஞ்சூடு. என் ரூமில் இருக்கும் தடியன் ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறான். "உங்க அப்பா மெக்கானிக்தானே, கொஞ்சம் பானட்டத் தொறந்து பாரேன்" என்று தினமும் பிடுங்குகிறான். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

நீ கார் வாங்கியது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. சைக்கிளில் செயின் கழன்றால் அழுதவள் நீ. அப்பா வண்டியைத் தொட்டால் சந்தோஷம்தான். ஆனால் மாமா விஷயம் வேண்டாம். ஆறு வருஷம் ஆகிவிட்டது. அவரவர் வேலையை அவரவர் பார்க்கலாமே.

ஒன்றே ஒன்று. டயரைக் கழற்றி மாட்டினால், நட்டை நீயே ஒரு தடவை இறுக்கிப் பார். ஐந்தையும் பார். அப்பா பார்த்திருந்தாலும் பார்.

அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்


11 மார்ச்

அன்புள்ள அண்ணா,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். உன் கைக்கு ஏதாவது களிம்பு வாங்கித் தடவு. வாங்கிவிட்டேன் என்று பொய் எழுதாதே.

அப்பா வெளியே வந்துவிட்டார்!

மூன்று நாள் ஜன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் நான் வேண்டுமென்றே ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்தேன். செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

"அங்க வெச்சா வண்டி உன் தலைமேல வந்து உக்காரும். படிச்ச புள்ளதானே நீ?"

"படிச்சதுல இது வரலப்பா."

"வந்திருந்தா மட்டும்?" என்று ஜாக்கியைப் பிடுங்கிக்கொண்டார். அவ்வளவுதான், அதன் பிறகு நான் எடுபிடி.

தரை விரிப்பைத் தூக்கினால், ஓட்டுநர் பக்கம் கை நுழையும் அளவுக்குத் துரு ஓட்டை. கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் போகும் வழியெல்லாம் காய்ந்த ஊசியிலை. ஏதோ மலைச்சரிவில் எங்கோ ஒரு வீட்டு வாசலில் நின்ற வண்டி. ஒரு கிண்ணம் நிறைய அந்த இலைகளை எடுத்து வைத்திருக்கிறேன், எதற்கென்று தெரியாது. அப்பா துருவைச் சுரண்டினார், தகட்டை வெட்டினார், டிங்கர் கடையிலிருந்து வெல்டிங் மெஷினை இரவல் வாங்கி அவரே ஒட்டினார். ஒட்டு கோணலாக வரும் என்று நினைத்தேன். ஒரே நேர்கோடாக வந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு மறுபடி அந்த நாள் வந்தது. நீ அன்று யார்டுக்குள் இருந்தாய், நான் கேட்டுக்கு வெளியே. உனக்குத் தெரியாத எதையும் நான் எழுதப்போவதில்லை. ஆனால் எழுதினால்தான் என் கோபம் சரியான அளவில் நிற்கிறது.

யார்டிலிருந்து போன வேனின் பின்சக்கரம் ஓட்டத்தில் கழன்று, உள்ளே இருந்த ஒரு பெண்ணுக்கு ஒரு கை போயிற்று. வேலை முடிந்த சீட்டில் யார்டு மெக்கானிக் என்று அப்பாவின் கையெழுத்து. மறுநாள் காலை நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன். மாமா அப்பாவின் டூல்ஸ் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிவந்து கேட்டுக்கு வெளியே போடுகிறார். மூடி திறந்து எல்லாம் மண்ணில் சிதறுகிறது. வேலையாட்கள் நிற்கிறார்கள், வேன்காரர் நிற்கிறார், எதிர்க்கடை ஆட்கள் நிற்கிறார்கள். "இனிமே இவர் கை பட்ட வண்டி என் யார்டுல இருந்து வெளிய போகாது!" நான்தான் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது.

அதன் பிறகு இந்த ஊரில் யாரும் அப்பாவிடம் ஒரு வண்டியைக் கொடுக்கவில்லை. நீ ஒரே மாதத்தில் வெளிநாடு போனாய், வீட்டைத் தாங்க. இதையெல்லாம் செய்தவர் என் தலையைத் தட்டி "ஆபீஸர்" என்கிறார்.

சக்கர நட்டு ஐந்தையும் பார்த்தேன். போதுமா?

தங்கை


28 ஏப்ரல்

என் வாலுக்கு,

பதில் தாமதம். கோபித்துக்கொள்ளாதே. இங்கே இரண்டு பேர் வேலையை விட்டுப்போனதால் எனக்கு இரட்டை ஷிப்ட். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் நலம்தானே?

உன் கடிதத்தைப் படித்தேன். பழசைக் கிளற வேண்டாம். அப்பாவே பேசாத விஷயத்தை நாம் எதற்குப் பேச வேண்டும்?

வண்டி எந்த அளவில் இருக்கிறது?

உன் அண்ணன்


10 மே

அன்புள்ள அண்ணா,

ஏழு வாரம் கழித்து ஏழெட்டு வரி. இங்கே எல்லாரும் நலம் என்பதைத் தவிர உனக்கு எதையும் எழுதக்கூடாது என்று நான்கு நாள் வைராக்கியமாக இருந்தேன். முடியவில்லை. ஏனென்றால் மாமா வந்துவிட்டார்.

வண்டி ஏறக்குறைய முடிந்தது. ரேடியேட்டர் மாற்றியாயிற்று. முன்சக்கரங்களின் புஷ் எல்லாம் புதிது. என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் மூன்றும் புதிது. மஞ்சள் பூத்திருந்த விளக்குக் கண்ணாடியை நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேய்த்தேன். கதவுகளின் ஓர ரப்பர் பீடிங்கும் என் வேலைதான். ஓடுகிற வண்டியாக ஆனதும், தினமும் காலையில் ஆபீஸ் போகும்போது அதை எடுத்துப்போய் மாமா டீ குடிக்கும் டயர் கடைக்கு எதிரே நிறுத்தினேன். ஒன்பது நாள். பத்தாம் நாள் மாலை நம் வாசலில் செருப்புச் சத்தம்.

"ஏம்மா, இது அந்த டப்பாவா?"

"ஆமா மாமா. கடல்ல போடச் சொன்னீங்களே."

"சொன்னேன், சொன்னேன். வாய்னு ஒண்ணு இருக்கே." வண்டியைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார், மூடினார். காதைச் சாய்த்து, பாட்டுக் கேட்பதுபோல. அப்பா உள்ளேயிருந்து வந்தார்.

"அத்தான், மூடுற சத்தம் கேட்டீங்களா? புதுசா இருந்தப்பகூட இப்படி இல்ல."

"பீடிங் பாப்பா மாத்தினது, மாப்ள."

ஆறு வருஷத்துக்குப் பிறகு இருவரும் பேசிய முதல் பேச்சு கதவு ரப்பரைப் பற்றி. பிறகு அப்பா உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். தன்னுடைய டம்ளரில்.

மாமா டீயைக் குடித்துவிட்டு, நான் மூன்று மாதமாகக் காத்திருந்ததைக் கேட்டார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். "இத எனக்குக் குடுப்பீங்களா அத்தான்?"

சொல்லுங்கள் அப்பா, சொல்லுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். அப்பா என்ன சொன்னார் தெரியுமா?

"கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு. முடிஞ்சதும் எடுத்துக்க."

ராத்திரிச் சாப்பாட்டின்போது, "எப்படிப்பா உங்களால முடியுது?" என்று கேட்டேன். "அவனுக்கு ரொம்ப நாள் ஆசைம்மா," என்றார். அவருக்கு ஆசையாம். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

சில பேருக்கு மறதி இயல்பாக வருகிறது. அதைப் பெருந்தன்மை என்று சொல்கிறார்கள். எனக்கு நினைவுதான் வருகிறது. அதற்கு என்ன பெயர் வைத்தாலும் சரி.

நீயாவது என் பக்கம் இருக்கிறாயா, எழுது.

தங்கை


27 மே

என் வாலுக்கு,

நலமாக இருக்கிறேன். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

வண்டியை மாமாவுக்குக் கொடுத்துவிடு. சண்டை போடாமல், சிரித்த முகமாகக் கொடு. அவர் நீ நினைக்கிற அளவுக்குக் கெட்டவர் இல்லை. ஏன் என்று கேட்காதே. அப்பாவுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது? பெரியவர்கள் அவர்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள்.

நான் களிம்பு வாங்கிவிட்டேன். உண்மையாகவே.

உன் அண்ணன்


8 ஜூன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பா சந்தோஷமாக இருக்கிறார், பசியெடுத்துச் சாப்பிடுகிறார். நானும் நன்றாக இருக்கிறேன். சொல்லப்போனால் மிக நன்றாக இருக்கிறேன்.

நீயும் அவர் பக்கம் போய்விட்டாய். சரி. அப்பாவின் வாயிலிருந்து அந்தச் சொல் வராது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதனால் வேறு வழி தேடினேன். தேடினேன் என்பதுகூடச் சரியில்லை, அது பானட்டுக்கு உள்ளேயே ஒட்டியிருந்தது.

என்ஜின் பக்கவாட்டு மூடியில் ஒரு சின்ன மஞ்சள் ஸ்டிக்கர். என்ஜின் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட்டை மாற்றிய தேதியை ஜப்பான் மெக்கானிக் எழுதி ஒட்டியது. கிலோமீட்டர் எழுதிய கட்டத்தில் மை வெளுத்துவிட்டது. தேதி இருக்கிறது: வருஷம் 10, மாதம் 6.

யார் பார்த்தாலும் 2010 ஜூன் என்று படிப்பார்கள். பெல்ட்டுக்கு இரண்டு வயது, இன்னும் எட்டு வருஷம் ஓடும். ஆனால் அங்கே உள்ளூர்க் காகிதங்களில் வருஷத்தை அரசர் பட்டமேறியதிலிருந்துதான் எண்ணுவார்கள். 1989 முதல் வருஷம் என்றால் பத்தாம் வருஷம் 1998. அந்தப் பெல்ட்டுக்கு வயது பதினான்கு. ஸ்டிக்கரில் 21 என்று இருந்திருந்தால் எவனுக்காவது சந்தேகம் வரும். 10 யாருக்கும் வராது.

எங்கள் ஆபீஸில் என் மேசையின் வேலையே இதுதான்: ஜப்பான் காகிதத்தில் இருக்கும் வருஷத்தை நம் வருஷமாக மாற்றி எழுதித் தருவது. பதினைந்து வருஷமாக ஜப்பான் கார் விற்கும் மாமா ஒரு ஜப்பான் தேதியைக்கூட நேரில் படித்ததில்லை. அவரிடம் போவதெல்லாம் நாங்கள் மாற்றிக் கொடுத்த காகிதம்.

நேற்று அப்பா அந்த மூடியைக் கழற்றப் போனார். போல்ட்டில் ஸ்பேனர் மாட்டிவிட்டார். "பெல்ட்ட ஒரு தடவ பாத்துடலாம் பாப்பா."

"பத்துல மாத்தியிருக்குப்பா," என்றேன். "ஸ்டிக்கர் இருக்கு."

ஸ்பேனரை எடுத்துவிட்டார். காகித விஷயத்தில் நான் சொன்னால் அவருக்கு மறுபேச்சு இல்லை.

நீ பயப்படாதே. பெல்ட் அறுந்தால் யாரும் சாகப்போவதில்லை. உள்ளே வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜின் செத்துப்போகும், வண்டி நின்றுவிடும். சுவரில் மாட்டிவைத்துக் கும்பிடுகிற அந்த வண்டி, ஆசைப்பட்டு வாங்கிய அந்த வண்டி, நடுரோட்டில் அவர் கையிலேயே சாகட்டும். ஒரு எண்ணைப் படிக்கத் தெரியாமல் நின்றார் என்று நாலு பேர் பார்க்கட்டும். அப்பாவை நாலு பேர் பார்த்தார்கள்.

உன் சம்மதத்தைக் கேட்டு எழுதவில்லை. உன்னைத் தவிர எனக்கு எழுத ஆளில்லை, அதனால் எழுதுகிறேன்.

தங்கை


8 ஜூலை, ஞாயிறு

அன்புள்ள அண்ணா,

சுகமா? ஒரு மாதமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. திட்டியாவது எழுதுவாய் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் பேசும்போதும் "அப்பாகிட்ட குடு, அப்பாகிட்ட குடு" என்கிறாய். இருக்கட்டும்.

இன்று வண்டி போய்விட்டது.

மாமாவும் அத்தையும் வந்தார்கள். அத்தை புதுப் புடவையில். மாமா பானட்டைத் திறந்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஸ்டிக்கரில் விரலை வைத்தார். "பத்து... ஆறு. ரெண்டாயிரத்துப் பத்து ஜூன். அட, நேத்து மாத்தினது!" பிறகு அப்பாவிடம் திரும்பினார். "பெல்ட் ஓகேதானே அத்தான்? நீங்க சொல்லிட்டா நான் மூடியத் தொறக்க மாட்டேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவரே படித்து, அவரே ஏமாந்துபோவார் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். அப்பாவை நடுவில் இழுப்பார் என்று நினைக்கவில்லை.

"பாப்பா படிச்சா. ஓகேதான், மாப்ள," என்றார் அப்பா.

நான் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன், தப்பாகப் படித்துவிட்டேன், எதையாவது. ஆனால் அப்போது மாமா கேட்டைத் திறக்கப் போனார், அந்தக் கையைப் பார்த்தேன். பெட்டியைத் தூக்கி எறிந்த கை. என் வாய் மூடிக்கொண்டது.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கப்பா கை வெச்ச வண்டில உக்காரணும்னு எனக்கு எத்தன நாளா ஆசை தெரியுமா? கேட்டா எங்க வீட்டு ஆளு அழுதுடுவாரு."

அவர் எதற்கு அழ வேண்டும்? கேட்கவில்லை. "மெதுவா ஓட்டச் சொல்லுங்க அத்தை," என்று மட்டும் சொன்னேன்.

வண்டி தெரு திரும்பும்வரை அப்பா நின்று பார்த்தார். உள்ளே வந்து, கையைக் கழுவிக்கொண்டு, "நல்ல வேலை செஞ்சோம் பாப்பா," என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது என்று எழுத உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன்.

தங்கை


9 ஜூலை

தங்கைக்கு,

அப்பா நலமா? நீ நலமா? இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உன் ஜூன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். போனில் உன் குரலைக் கேட்டதும் 'அப்பாகிட்ட குடு' என்றுதான் வாயில் வருகிறது. அதற்குள் மாமா வண்டியை எடுத்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதைப் படித்ததும் எழுந்து போய் அந்தப் பெல்ட்டை மாற்றச் சொல்.

வேனின் சக்கரத்தை மாட்டியது நான்.

ஐந்து நட்டில் மூன்றை இறுக்கினேன். இரண்டைக் கையால் சுற்றி விட்டிருந்தேன். வெளியே நண்பர்கள் வந்து கூப்பிட்டார்கள், மேட்ச் ஆரம்பிக்கப்போகிறது என்று. அப்பா வந்தார். "முடிஞ்சுதா?" என்றார். முடிஞ்சுது என்றேன். "நீ போ, சீட்டுல நான் கையெழுத்துப் போட்டுக்கறேன்" என்றார். நான் ஓடினேன். அவ்வளவுதான் நடந்தது. நான் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தபோது வேன் கிளம்பிப் போயிற்று.

அன்று ராத்திரியே மாமாவின் ஆபீஸில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா எதிரில்தான். மாமா என்னை அடித்தார். பிறகு, "பையன் பேரு வெளிய வந்தா இவன் வாழ்க்கையே போச்சு அத்தான்" என்றார். "என் பேரச் சொல்லு" என்றார் அப்பா. மாமா முடியவே முடியாது என்றார். விடியும்வரை பேசினார்கள். கடைசியில் அப்பாதான் சொன்னார்: "சும்மா சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க மாப்ள. நாலு பேரு எதிர்ல என்ன வெளிய தள்ளு. பெட்டியத் தூக்கிப் போடு." நீ சாப்பாட்டோடு வருவாய் என்று யாருக்கும் தெரியாது. நீ ஸ்பேனர் பொறுக்கியதை நான் உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமா டாய்லெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வரவில்லை.

இந்த வேலையை எனக்கு வாங்கித்தந்தவர் அவர்தான். அவருக்கும் இதில் லாபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். யார்டு பிழைத்தது. ஆனால் ஆறு வருஷமாக உன் முறைப்பை வாங்கிக்கொண்டு உன் தலையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். உன்னிடம் சொல்லக்கூடாது என்பது அப்பா போட்ட கண்டிப்பு. "அவளாவது உன்ன அண்ணனாப் பாக்கட்டும்" என்றார்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. முதலில் பெல்ட்.

அண்ணன்


6 ஆகஸ்ட்

அண்ணாவுக்கு,

அப்பாவின் உடம்பு பரவாயில்லை. என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உன் கடிதம் ஜூலை 20, வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. ஆபீஸில் இரண்டு கோப்புகளுக்கு நடுவே வைத்துப் படித்தேன். மாமாவின் யார்டு எங்கள் ஆபீஸிலிருந்து பத்து நிமிஷ நடை. நான் போகவில்லை. சனிக்கிழமை முழுவதும் இருந்தது. அன்றும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம், அதற்கு முன் ஒரே ஒரு நாள் உன்மேல் மட்டும் கோபமாக இருந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். அதோடு, மாமா நல்லவர் என்பதை ஒப்புக்கொள்ள என்னால் அவ்வளவு வேகமாக முடியவில்லை. ஆறு வருஷம் வெறுத்த ஒரு மனிதரை ஒரு மதியத்தில் விட்டுவிட முடியாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு, பாலத்துக்கு இறங்கும் சரிவில் பெல்ட் அறுந்தது. என்ஜின் நின்றதும் ஸ்டீயரிங் இறுகிவிட்டது, பிரேக் கல்லாகிவிட்டது. வண்டி பாலத்தின் பக்கச்சுவரில் இடித்து நின்றது. மாமாவுக்குச் சிராய்ப்பு. அத்தைக்கு வலது காறை எலும்பு முறிந்தது. வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான் என்று உனக்கு எழுதியிருந்தேன். சரிவில் போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை.

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தார். அப்பா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, அது எந்தப் பத்து?"

"தொண்ணூத்தெட்டுப்பா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஜூன்லயே."

சட்டையை மாட்டிக்கொண்டு யார்டுக்குக் கிளம்பினார். நான் பின்னால் போனேன்.

யார்டில் வண்டியை இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். மூடியைக் கழற்றியிருந்தார்கள். பெல்ட் பல்லெல்லாம் உதிர்ந்து, காய்ந்த தோல்போல இரண்டாகக் கிடந்தது. எட்டு வேலையாட்கள் நின்றார்கள். "இவர் வேலையா?" என்று ஒருவன் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. சற்று நேரத்தில் மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார், நெற்றியில் பிளாஸ்திரியோடு. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் அப்பா சொன்னார்.

"பெல்ட்ட நான் பாத்தேன் மாப்ள. பழசுன்னு தெரிஞ்சும் மாத்தாம விட்டுட்டேன். தப்பு என்னுது."

மாமா அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது, அண்ணா. வருஷத்தை மாற்றி எழுதுவது யார் மேசை என்று அவருக்குத் தெரியாதா? நான் வாயைத் திறந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கும்படி பிடித்தார். நான் மூடிக்கொண்டேன்.

"சரி அத்தான்," என்றார் மாமா. ஆட்களிடம் திரும்பி, "நின்னு என்ன பாக்கறீங்க, வேலையப் பாருங்க" என்றார்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்காமல் இருக்கிற தகுதியும் எனக்கு இல்லை, ஆனாலும் மன்னிக்கவில்லை. நீ இருபத்திரண்டு வயதில் மேட்ச் பார்க்க ஓடினாய். நான் இருபத்துநான்கு வயதில், உட்கார்ந்து யோசித்து, தேதி போட்டுக் கடிதம் எழுதிச் செய்தேன்.

அப்பா இப்போது மாமாவின் யார்டில் அந்த என்ஜினைப் பிரித்து வேலை செய்துகொண்டிருக்கிறார். பதினாறு வால்வுகளில் பதினொன்று வளைந்திருக்கின்றன. காலை எட்டு மணிக்குப் போய், ஆறு மணிக்கு வருகிறார். வீட்டில் என்னோடு பேசுவதில்லை. வேலையாட்கள் அவர் முடித்ததை அவர் எதிரிலேயே இன்னொரு தடவை சரிபார்க்கிறார்கள். அத்தைக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் நான்கு வாரம் ஆகும். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

தங்கை